ஒரு எழுத்துப் பிழையின் வரவு செலவு: அரிவாள் செல் நோயின் கதை

1904 டிசம்பர் மாதம், சிகாகோ நகரம். பல் மருத்துவம் படிப்பதற்காக கரீபியன் தீவான கிரெனடாவிலிருந்து வந்திருந்த 20 வயது இளைஞர் ஒருவர் இருமலும் காய்ச்சலுமாக மருத்துவமனையில் சேர்கிறார். பெயர் வால்டர் கிளமெண்ட் நோயல். அவரைப் பரிசோதித்தவர் எர்னஸ்ட் அயன்ஸ் என்ற பயிற்சி டாக்டர். ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தவருக்கு ஆச்சரியம். வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்களில் பல நீண்டு, வளைந்து, கதிர் அறுக்கும் அரிவாள் போல இருந்தன!

அயன்ஸின் மேலதிகாரி ஜேம்ஸ் ஹெரிக் அந்த இளைஞரின் உடல்நிலையைக் கவனித்துக் குறிப்பெடுத்து, 1910ல் ஒரு மருத்துவ இதழில் கட்டுரையாக வெளியிட்டார். நோய்க்கு என்ன காரணம் என்று அவருக்குத் தெரியவில்லை. நோயல் படிப்பை முடித்து ஊருக்குத் திரும்பினார், பல் டாக்டராகத் தொழில் செய்தார், 1916ல் 32 வயதில் நுரையீரல் பாதிப்பால் இறந்துபோனார். 1922ல் வெர்ன் மேசன் என்ற டாக்டர் இந்த நோய்க்கு "அரிவாள் செல் சோகை" என்ற பெயரைக் கொடுத்தார்.

இது ஏதோ ஒரு அபூர்வ வியாதியின் கதை என்று நினைத்துவிட வேண்டாம். மனிதருக்கு மனிதர் மரபணுவில் இருக்கும் சின்னச் சின்ன வித்தியாசங்கள் யாரை நோய் தாக்கும், யாரை விட்டுவிடும் என்பதைத் தீர்மானிக்கின்றன. இது முதன்முதலாக நிரூபணம் ஆனது இந்த அரிவாள் வடிவ அணுக்களை வைத்துத்தான். அந்த உண்மையை மனிதர்கள் எப்படியெல்லாம் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்பதும் இதே கதையில்தான் இருக்கிறது.

ரத்தத்தில் என்ன நடக்கிறது?

சிவப்பணுக்களின் வேலை ஆக்சிஜனைச் சுமப்பது. அந்த வேலையைச் செய்வது அவற்றின் உள்ளே இருக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதம். இந்த நோய் உள்ளவர்களின் ஹீமோகுளோபின், ஆக்சிஜனை இறக்கி வைத்த பிறகு ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நீளமான கம்பிகளாக மாறிவிடுகிறது. அந்தக் கம்பிகள் அணுவை உள்ளிருந்து நெம்பி அரிவாள் வடிவத்துக்குக் கொண்டுவருகின்றன. வளைந்து விறைத்த அணுக்கள் நுண்ணிய ரத்தக் குழாய்களில் அடைத்துக்கொள்ளும். அடைத்த இடத்தில் தாங்க முடியாத வலி வரும். சாதாரண சிவப்பணு சுமார் 120 நாட்கள் வாழும். இந்த அணுக்கள் 10 முதல் 20 நாட்களுக்குள் உடைந்துவிடும், அதனால் சோகை. கிருமிகளை வடிகட்டும் மண்ணீரலும் சின்ன வயதிலேயே பழுதாகிவிடுவதால், நிமோனியா போன்ற தொற்றுகள் குழந்தைகளை எளிதில் கொன்றுவிடும்.

நோயின் வேர் ஹீமோகுளோபினில்தான் இருக்கிறது என்று 1949ல் நிரூபித்தவர்கள் கலிபோர்னியாவைச் சேர்ந்த வேதியியல் மேதை லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும். சோதனைகளைச் செய்ததில் முக்கியமானவர் ஹார்வி இடானோ என்ற இளம் ஆராய்ச்சியாளர். இவரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இவர் அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளியினர். 1942ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முதல் மாணவராகத் தேறினார். பட்டமளிப்பு விழாவுக்கு அவரால் போக முடியவில்லை. இரண்டாம் உலகப்போர் சமயம், ஜப்பானிய ரத்தம் என்ற ஒரே காரணத்துக்காக அவரைக் குடும்பத்தோடு முகாமில் அடைத்திருந்தார்கள்!

இடானோ ஹீமோகுளோபினை மின்புலத்தில் ஓடவிட்டுப் பார்த்தார். ஆரோக்கியமானவர்களுடையது ஒரு மாதிரி நகர்ந்தது, நோயாளிகளுடையது வேறு மாதிரி நகர்ந்தது. மூன்றாவதாக ஒரு வகையினர் இருந்தார்கள். அவர்களுக்கு நோய் எதுவும் இல்லை, ஆனால் அவர்கள் ரத்தத்தில் இரண்டு வகை ஹீமோகுளோபினும் கலந்திருந்தன. அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் மாறிய மரபணுவைப் பெற்றவர்கள் இவர்கள். "சுமப்பவர்கள்" என்று வைத்துக்கொள்வோம். இருவரிடமிருந்தும் மாறிய மரபணு வந்தால்தான் நோய்.

1950களின் பிற்பகுதியில் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்க்ராம் இன்னும் நுணுக்கமாகப் போனார். 146 அமினோ அமிலங்கள் கொண்ட பீட்டா சங்கிலியில் ஒரே ஒரு கண்ணிதான் மாறியிருந்தது. ஆறாவது இடத்தில் குளுடாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின். டிஎன்ஏ-வில் பார்த்தால் ஒரே ஒரு எழுத்துப் பிழை. இவ்வளவு வேதனைக்கும் அதுதான் காரணம்.

விடை தெரியாத கேள்வி

அப்படியானால் ஒரு கேள்வி வருகிறது. அந்தக் காலத்தில் இந்த நோயோடு பிறந்த குழந்தைகளில் பெரும்பாலோர் பிள்ளை பெறும் வயதுக்கு முன்பே இறந்துவிடுவார்கள். ஒவ்வொரு குழந்தை சாகும்போதும் அந்த மரபணுவின் இரண்டு பிரதிகள் உலகத்திலிருந்து அழிகின்றன. இப்படித் தலைமுறை தலைமுறையாக நடந்தால் அந்த மரபணு என்றைக்கோ ஒழிந்திருக்க வேண்டும். ஆனால் ஆப்பிரிக்காவின் சில இனக்குழுக்களில் 100 பேரில் 40 பேர் வரை அதைச் சுமந்துகொண்டிருந்தார்கள். எப்படி?

இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டவர் அந்தோணி அல்லிசன். தென்னாப்பிரிக்காவில் பிறந்து கென்யாவில் வளர்ந்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் மருத்துவ மாணவர். 1949ல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து கென்யா மலைக்குப் போன ஆய்வுக்குழுவில் சேர்ந்து, பல இனக்குழுக்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். கணக்குப் போட்டுப் பார்த்தபோது கடலோரத்திலும் விக்டோரியா ஏரிக்கரையிலும் வாழ்பவர்களில் 20 சதவீதத்துக்கும் மேல் சுமப்பவர்கள். நடுவில் உள்ள உயரமான மலைப்பகுதிகளில் ஒரு சதவீதம்கூட இல்லை. என்ன மொழி பேசுகிறார்கள், எந்த இனம் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லாமல் இருந்தது. கடற்கரையிலும் ஏரிக்கரையிலும் இருந்து, குளிர்ந்த மலையில் இல்லாதது எது? கொசு! கொசு என்றால் மலேரியா.

இதே சமயத்தில் ஜே.பி.எஸ்.ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானியும் தலசீமியா என்ற இன்னொரு ரத்த நோயைப் பற்றி ஏறக்குறைய இதே யோசனையைச் சொல்லியிருந்தார். ஒரு பிரதி மட்டும் உள்ளவர்களுக்கு மலேரியாவிலிருந்து பாதுகாப்பு கிடைக்கலாம் என்பது அவருடைய ஊகம். இந்த ஹால்டேன் பிற்பாடு 1957ல் இந்தியாவுக்கே குடிவந்து, இந்தியக் குடிமகனாகி, 1964ல் புவனேஸ்வரில் காலமானார்.

ஊகம் சரிதான், நிரூபணம் வேண்டாமா? அல்லிசன் படிப்பை முடித்துவிட்டு 1953ல் மறுபடி ஆப்பிரிக்கா போனார். உகாண்டாவில் 290 சிறு குழந்தைகளின் ரத்தத்தைப் பரிசோதித்தார். சாதாரண ஹீமோகுளோபின் உள்ள 247 குழந்தைகளில் 113 பேர் ரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணி இருந்தது. அதாவது சுமார் 46 சதவீதம். சுமக்கும் 43 குழந்தைகளில் 12 பேருக்கு மட்டுமே இருந்தது. சுமார் 28 சதவீதம்.

அடுத்து அவர் செய்தது நெறிமுறைக் கேள்விகளை எழுப்பும் ஒரு சோதனை. லுவோ இனத்தைச் சேர்ந்த 30 ஆண்களுக்கு, அவர்கள் சம்மதத்துடன் என்று சொல்லி, வேண்டுமென்றே மலேரியாவைத் தொற்ற வைத்தார். சாதாரண ரத்தம் உள்ள 15 பேரில் 14 பேருக்கு ஒட்டுண்ணி பிடித்தது. சுமப்பவர்கள் 15 பேரில் இரண்டே பேருக்கு! 1954ல் இந்த முடிவுகள் வெளியாயின.

உடனே எல்லோரும் ஒத்துக்கொண்டார்களா என்றால் இல்லை. பெரியவர்களைப் பரிசோதித்த வேறு சிலர், அப்படி ஒரு வித்தியாசமே தெரியவில்லை என்றார்கள். காரணம் எளிது. மலேரியா உள்ள ஊரில் பிறந்த குழந்தைக்கு முதல் சில மாதங்கள் தாயின் எதிர்ப்புப் பொருட்கள் துணை இருக்கும். அது தீர்ந்த பிறகு, பலமுறை காய்ச்சல் வந்து பிழைத்தால்தான் சொந்த எதிர்ப்பு சக்தி உருவாகும். அதற்குள் நாலைந்து வயதாகிவிடும். மரபணு கைகொடுப்பது இந்த நடுவில் உள்ள ஆபத்தான வருடங்களில்தான். வளர்ந்தவர்களைப் பரிசோதித்தால் தப்பிப் பிழைத்தவர்களைத்தான் பரிசோதிக்கிறோம், அதில் வித்தியாசம் தெரியாது. பின்னாளில் வந்த பெரிய ஆய்வுகள் அல்லிசன் சொன்னதை உறுதி செய்தன. உயிரைப் பறிக்கும் கடுமையான மலேரியாவிலிருந்து சுமப்பவர்களுக்கு ஏறத்தாழ 90 சதவீதம் பாதுகாப்பு இருக்கிறது.

வரவும் செலவும்

இப்போது கொஞ்சம் கணக்கு. ஒரு ஊரில் 100 பேரில் 20 பேர் சுமப்பவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவன், மனைவி இருவருமே சுமப்பவர்களாக அமைவது 100 தம்பதிகளில் 4. அவர்களுடைய ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. ஆக, ஊரில் பிறக்கும் 100 குழந்தைகளில் தோராயமாக ஒன்றுக்கு நோய், சுமார் 18 குழந்தைகளுக்குப் பாதுகாப்பு. மலேரியா குழந்தைகளை வாரிக்கொண்டு போகும் ஊரில் இந்தக் கணக்கு லாபம். அதனால் மரபணு நிலைத்தது. மலேரியா இல்லாத ஊரில் வரவுப் பக்கம் பூஜ்யம், செலவு மட்டும் அப்படியே நிற்கும். அதனால்தான் மலைப்பகுதிகளில் அது இல்லை.

இன்ஷூரன்ஸ் பிரீமியம் போல என்று சொல்லலாம். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இங்கே பிரீமியம் கட்டுவது ஒருவர், பலன் பெறுவது வேறொருவர். நோயோடு பிறந்த அந்த ஒரு குழந்தைக்கு இந்த லாபக் கணக்கில் எந்தப் பங்கும் இல்லை. இரண்டு பிரதிகளும் உள்ள குழந்தைக்கு மலேரியா வந்தால், ஏற்கனவே உள்ள சோகையோடு சேர்ந்து அது உயிருக்கே உலை வைத்துவிடும்.

இன்னொரு சுவாரசியமான விஷயம். 1958ல் ஃபிராங்க் லிவிங்ஸ்டன் என்ற மானுடவியலாளர், மேற்கு ஆப்பிரிக்காவில் இந்த மரபணு பரவியதற்கும் விவசாயத்துக்கும் தொடர்பு உண்டு என்று காட்டினார். காட்டை வெட்டி எரித்துப் பயிர் செய்ததால் வெயில் படும் குட்டைகள் உருவாயின. மலேரியா பரப்பும் கொசுவுக்கு அதுதான் பிடித்த இடம். மனிதன் மண்வெட்டி எடுத்ததால் கொசு பெருகியது, கொசு பெருகியதால் மனிதனின் ரத்தம் மாறியது.

அது சரி, பாதுகாப்பு எப்படிக் கிடைக்கிறது? ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணு சுமப்பவர்களின் உடலில் சீக்கிரம் வளைந்துவிடுகிறது. மண்ணீரல் அதை அடையாளம் கண்டு அப்புறப்படுத்திவிடுகிறது. சாதாரணமாக இந்த ஒட்டுண்ணி சிவப்பணுவின் மேல்பரப்பில் பசை போன்ற புரதங்களை நட்டு, ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மூளையில் இப்படி ஒட்டினால் மூளை மலேரியா. மாறிய ஹீமோகுளோபின் உள்ள அணுவில் இந்த வேலை சரியாக நடப்பதில்லை. கடைசியாக அழற்சி. கடுமையான மலேரியாவில் கிருமி செய்யும் கேடு பாதி என்றால், அதை எதிர்க்கிறேன் என்று உடல் தனக்குத்தானே செய்துகொள்ளும் கேடு மீதி. 2011ல் போர்ச்சுகல் ஆய்வாளர்கள் எலிகளில் காட்டியது என்னவென்றால், அரிவாள் ஹீமோகுளோபின் ஒட்டுண்ணியின் எண்ணிக்கையைக் குறைக்காமலேயே இந்த இரண்டாவது கேட்டை மட்டுப்படுத்துகிறது. எதிரியை விரட்டுவது ஒரு வழி, தாங்கிக்கொள்வது இன்னொரு வழி!

நெற்றியில் பச்சை

ஆப்பிரிக்காவிலிருந்து லட்சக்கணக்கான மக்கள் அடிமைகளாக அட்லாண்டிக் கடல் தாண்டிக் கொண்டுசெல்லப்பட்டபோது அவர்களோடு இந்த மரபணுவும் போனது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் மலேரியா ஒழிக்கப்பட்டுவிட்டது. வரவு நின்றுபோய் செலவு மட்டும் மிஞ்சியது. இன்றும் கறுப்பின அமெரிக்கர்களில் 13 பேரில் ஒருவர் சுமப்பவர்.

ஆரம்பத்திலிருந்தே அங்கே இது "கறுப்பர் நோய்" என்று முத்திரை குத்தப்பட்டது. கிரீஸ், சிசிலி, துருக்கி, அரபு நாடுகள், இந்தியா என்று எங்கெல்லாம் மலேரியா இருந்ததோ அங்கெல்லாம் இது உண்டு. ஆனாலும் முத்திரை போகவில்லை. இந்த நோயின் மூலத்தைக் கண்டுபிடித்த அதே லைனஸ் பாலிங், இரண்டு நோபல் பரிசு வாங்கியவர், 1968ல் ஒரு யோசனை சொன்னார். இந்த மரபணு உள்ள இளைஞர்களின் நெற்றியில் அடையாளமாகப் பச்சை குத்திவிட வேண்டுமாம்! அப்போதுதான் சுமக்கும் இருவர் ஒருவரை ஒருவர் காதலிக்காமல் தவிர்த்துக்கொள்வார்களாம். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல, நோயால் சாகும் குழந்தைகளை நினைத்துச் சொன்னதுதான். ஆனால் ரத்தத்தைக் காரணம் காட்டி முகாமில் அடைக்கப்பட்ட ஒருவரோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்தவருக்கே இப்படித் தோன்றியது என்றால் மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல?

1970களின் தொடக்கத்தில் பல அமெரிக்க மாநிலங்கள் பரிசோதனையைக் கட்டாயமாக்கிச் சட்டம் போட்டன. சில சட்டங்களை எழுதியவர்களுக்குச் சுமப்பவருக்கும் நோயாளிக்கும் உள்ள வித்தியாசம்கூடத் தெரிந்திருக்கவில்லை. ஆரோக்கியமாக இருந்த சுமப்பவர்களுக்கு வேலை மறுக்கப்பட்டது, காப்பீட்டுக்குக் கூடுதல் பணம் கேட்கப்பட்டது. அமெரிக்க விமானப்படை அகாடமி 1981 வரை அவர்களைச் சேர்க்கவில்லை. 1972ல் வந்த மத்திய அரசுச் சட்டம்தான் பரிசோதனை விருப்பத்தின் பேரில் நடக்க வேண்டும் என்றது.

கிரீஸ் நாட்டில் ஆர்கோமெனோஸ் என்ற ஊரில் நடந்ததும் இதே மாதிரிதான். நல்லெண்ணத்தோடு ஊர் முழுக்கப் பரிசோதனை செய்து யார் யார் சுமப்பவர் என்று சொன்னார்கள். விளைவு என்ன தெரியுமா? சுமப்பவர்களை மணக்க ஆட்கள் தயங்கினார்கள். பரிசோதனை முடிவை மறைத்துக் கல்யாணம் செய்துகொண்டவர்களும் உண்டு. நோயைத் தடுக்க வந்த தகவல் தோஷம் உள்ள ஜாதகம் மாதிரி ஆகிவிட்டது.

நீலகிரியில்...

கல்யாணப் பேச்சு வந்தவுடன் நம் ஊர் ஞாபகம் வருவது இயற்கை. இந்தக் கதைக்கு நம் ஊரிலும் ஒரு அத்தியாயம் இருக்கிறது. 1952ல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரி மலைப் பழங்குடி மக்களிடம் இதே அரிவாள் வடிவ அணுக்களைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். இந்தியாவில் இது பதிவானது அந்த வருடம்தான். இருளர், பணியர், குறும்பர் போன்ற நீலகிரி, வயநாட்டு மக்களிடமும், மத்திய இந்தியா, குஜராத், ஒடிசா பழங்குடிகளிடமும் இது இருக்கிறது. "மலைக்காய்ச்சல்" என்று வெளியாட்கள் அஞ்சி ஒதுங்கிய காடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் இவர்கள்.

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் இந்திய அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 40 வயது வரையிலான 7 கோடி பேரைப் பரிசோதிப்பது, 2047க்குள் இந்த நோயை ஒழிப்பது என்பது இலக்கு. பரிசோதனை முடிவு அட்டையாகக் கொடுக்கப்படுகிறது. அவசியமான திட்டம், சந்தேகமில்லை. சீக்கிரம் கண்டுபிடித்தால் குழந்தைக்குப் பென்சிலின் கொடுத்து உயிர்க்கொல்லித் தொற்றுகளைப் பெருமளவு தடுக்கலாம் என்பது 1986லேயே நிரூபணமான விஷயம். வலியைக் குறைக்க ஹைட்ராக்சியூரியா என்ற மாத்திரை இருக்கிறது. ஆனால் அந்த அட்டை நாளைக்கு ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்தும் காகிதமாக மாறாமல் பார்த்துக்கொள்வது, பரிசோதனை செய்வதைவிடக் கஷ்டமான வேலை. ஆர்கோமெனோஸ் சொல்லும் பாடம் அதுதான்.

2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும், மரபணுவையே திருத்தும் ஒரு சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தன. அதன் தத்துவம் 1948ல் ஜேனட் வாட்சன் என்ற டாக்டர் கவனித்த ஒரு சின்ன விஷயத்திலிருந்து வந்தது. இந்த நோய் உள்ள குழந்தைகள் பிறந்து சில மாதங்கள் வரை நன்றாகவே இருக்கின்றன, ஏனென்றால் கருவில் இருக்கும்போது உண்டாகும் ஹீமோகுளோபின் வேறு வகை. பிறந்த பிறகு அணைந்துவிடும் அந்தப் பழைய ஹீமோகுளோபினை மறுபடி எரியவிடுவதுதான் இந்தச் சிகிச்சை. அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர்! கூடலூர்ப் பக்கம் ஒரு பணியர் வீட்டுக் குழந்தைக்கு இந்தத் தொகை எந்தக் காலத்தில் எட்டும்?

எழுத்துப் பிழை என்று தலைப்பு வைத்தாலும் அது முழு உண்மை இல்லை. கென்யாவின் மலையில் அது பிழை, ஏரிக்கரையில் அது கவசம். எழுத்து ஒன்றேதான், ஊர்தான் வேறு. ஒருவருடைய ரத்தத்தைப் பார்த்து அவருடைய முன்னோர்கள் எந்தக் கொசுவோடு போராடிப் பிழைத்தார்கள் என்று சொல்லிவிடலாம். அவர் உயர்ந்தவரா தாழ்ந்தவரா என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. அந்தப் போராட்டத்துக்கான செலவை மட்டும் இன்றும் சில குழந்தைகள் வலியாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கட்டும் பிரீமியத்தில் பிழைத்த கூட்டத்தின் வாரிசுகள் உலகம் பூராவும் இருக்கிறார்கள்.